மாற்று உரைத்தல்

விருத்தாசலம் என்னும் பெயருக்கு முதிய மலை என்பது பொருள். தேவாரம் பாடியோர் அவ்வூரைத் திருமுதுகுன்றம் என்றனர். ஊரார் இன்றும் இறைவனைப் பழமலைநாதர் என்கின்றனர். மணிமுத்தாற்றின் கரையிலுள்ள இவ்வூரைப் பற்றிப் பெரியபுராணம் கூறும் செய்தி ஒன்று உண்டு. சுந்தரர் இங்கே பன்னீராயிரம் பொன் பெற்றார். அதனை மணிமுத்தாற்றில் இட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொள்ளும்படி இறைவன் பணித்தான். ஆற்றில் இடுவதற்கு முன் சுந்தரர் அப்பொன்னிலிருந்து சிறு துண்டொன்றை வெட்டித் தம்மோடு எடுத்துச் சென்றார். அவ்வாறு ஒப்புநோக்குவதற்கென வைத்துக்கொள்ளும் துண்டுக்கு மச்சம் என்று பெயர். குளத்தில் எடுத்த பொன்னை மச்சத்தோடு உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்தது. மீண்டும் பாடிய பின்னரே அது நிறைவுற்றது. மாற்றுரைத்த விநாயகர் திருவாரூரில் இன்றும் இருக்கிறார். இறைவன் தந்த பொன்னையே உரைத்துப் பார்க்காமல் ஏற்றுக்கொள்ளவில்லை என்பது அக்கதையின் சுவை.

அதே ஊரில், சில ஆண்டுகளுக்கு முன் ஆயுத பூசைக்கு இரண்டு நாள் இருந்தபொழுது, ஓட்டு வீடு ஒன்றின் பரணிலிருந்து கறுத்துப்போன மரப்பெட்டி ஒன்று கீழே இறங்கியது. வீட்டுக்குரிய பெரியவர் பீங்கான் பட்டறை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருபத்தேழு ஆண்டுகள் உழைத்தவர். பட்டறை மூடப்பட்டபோது, கணக்குத் தீர்த்த நாளில், “இதையும் எடுத்துக்கொண்டு போங்கள்” என்று அதன் உரிமையாளர் கொடுத்தது அந்தப் பெட்டி. அதன் பின்னர் ஆண்டுக்கொருமுறை ஆயுத பூசையன்று அது இறங்கும்; சந்தனமும் குங்குமமும் பெறும்; மறுநாள் பரணேறும். உள்ளே இருந்தது ஒரு நுண்ணோக்கி.

அவ்வாண்டு மட்டும் அது மீண்டும் பரணேறுவதாக இல்லை. வீட்டின் ஓடுகள் பல இடங்களில் உடைந்திருந்தன. கடலூர் மாவட்டத்தில் ஐப்பசி மழையும் கார்த்திகைப் புயலும் எவரிடமும் அனுமதி கேட்டு வருவதில்லை. கூரையைச் செப்பனிடப் பணம் வேண்டும். விற்கத்தக்கது எதுவென்று வீட்டார் சுற்றிலும் பார்த்தபோது கண்ணில் பட்டது அந்தப் பித்தளைக் கருவி.

முதலில் வந்தவர் பழைய இரும்புக் கடைக்காரர். அவர் கருவியைக் கையில் தூக்கிப் பார்த்தார். “நாலு கிலோ இருக்கும். அடிப்பாகம் இரும்பு. பித்தளை பாதிகூட இல்லை, ஐயா” என்றார். அவர் ஏமாற்றவில்லை, அவரது தராசு அறிந்த அளவில் அது உண்மை. அடுத்து வந்தவர் பழம்பொருள் வாங்குபவர். அவர் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், எழுத்தைத் தேடினார். குழாயிலும் இல்லை, அடியிலும் இல்லை, பெட்டியிலும் இல்லை. “பெயர் இருந்தால் கதையே வேறு. பெயரில்லாத சாமானுக்கு இதற்கு மேல் கொடுக்க முடியாது” என்று ஒரு தொகையைச் சொன்னார். கூரைக்கு வேண்டியதில் அது ஏறத்தாழப் பாதி. எழுந்து செல்லும்போது, “கொஞ்சம் பளபளவென்று தேய்த்து வையுங்கள், ஒரு ஐந்நூறு சேர்த்துத் தருகிறேன்” என்றும் சொன்னார்.

ஆயா உடனே புளியைக் கரைத்தார். செங்கற்பொடியும் ஆயத்தமாயிற்று. பூசைக்குக் குத்துவிளக்கு துலக்கும் வேளை அது. அவ்வரிசையில் இதுவும் ஒன்று. அப்போதுதான் பள்ளியிலிருந்து வந்தாள் பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பயிலும் பேத்தி. “ஆயா, கொஞ்சம் பொறுங்க. அந்த மஞ்சள் நிறம் பித்தளையோடது இல்ல போல இருக்கு” என்றாள்.

அவள் கண்டது சரியே. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் செய்யப்பட்ட நுண்ணோக்கிகளின் பித்தளை வெறும் பித்தளை அன்று. மெருகேற்றிய உலோகத்தின்மேல், சாராவியில் கரைத்த அரக்கை மெல்லிய படலமாகப் பூசிச் சூடேற்றுவார்கள். அதனால் உலோகம் கறுக்காது, பொன்னிறம் நிலைக்கும். அந்த அரக்கு பெரும்பாலும் இந்தியக் காடுகளில் பூச்சிகளிடமிருந்து திரட்டப்பட்டுக் கப்பலேறியது. கருவிகளின்மேல் படலமாகித் திரும்பி வந்தது. அப்படலத்தைச் சாராவி கரைத்துவிடும், செங்கற்பொடி சுரண்டிவிடும். ஒருமுறை போனால் போனதுதான். துலக்கிய கருவி கண்ணைப் பறிக்கும். ஆனால் பழங்கருவிகளை அறிந்தவர் அதனை மதிப்பிழந்ததாகவே கொள்வர். ஐந்நூறு ரூபாய் சேர்த்துத் தருவதாகச் சொன்னவருக்கு இது தெரியாதா, தெரிந்தும் சொன்னாரா என்பது வேறு செய்தி.

குத்துவிளக்குகள் மட்டும் துலங்கின. கருவி திண்ணைக்குச் சென்றது.

பெயரில்லை என்பதனால் ஒரு கருவி யாருடையது என்று அறியமுடியாது போய்விடுமா? நுண்ணோக்கியின் வரலாற்றில் மிகப் புகழ்பெற்ற கருவிகளே பெயரில்லாதவை. ஆலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் வாழ்ந்த அந்தோணி வான் லீவன்ஹூக் (1632–1723) துணி வணிகர். இரண்டு சிறு உலோகத் தகடுகளுக்கிடையே ஒற்றை லென்சைப் பொருத்தி, தம் கையாலேயே ஐந்நூறுக்கும் மேற்பட்ட நுண்ணோக்கிகளைச் செய்தார். நுண்ணுயிர்களை மனிதர்க்கு முதன்முதலாகக் காட்டியவை அவை. அவற்றில் தம் பெயரை அவர் பொறிக்கவில்லை. அவர் மறைவுக்குப்பின் இலண்டன் வேந்தியல் கழகத்துக்குச் சென்ற இருபத்தாறு வெள்ளி நுண்ணோக்கிகள் பிற்காலத்தில் காணாமற்போயின. இன்று உலகில் எஞ்சியவை பத்துப் பன்னிரண்டுக்கு மேல் இல்லை.

2014ஆம் ஆண்டையொட்டி டெல்ஃப்ட் நகரத்துக் கால்வாயில் அள்ளிய சேற்றிலிருந்து சிறிய வெள்ளித் தகடொன்று கிடைத்தது. அது என்னவென்று தெரியாமலேயே இணைய ஏலத்துக்கு வந்தது. வாங்கியவர் ஐயுற்றார், கேம்பிரிட்ஜைச் சார்ந்த பிரையன் ஃபோர்டு என்னும் ஆய்வாளரிடம் கொடுத்தார். அவர் மின்னணு நுண்ணோக்கியின்கீழ் அதனை வைத்து, கையால் வெட்டிய திருகுகளையும் உலோக வேலைப்பாட்டையும் லீவன்ஹூக்குடையவை என்று ஐயமின்றி அறியப்பட்டவற்றோடு ஒப்பிட்டார். 2015இல் அது லீவன்ஹூக்கின் கருவியே என்று அறிவித்தார். சுந்தரர் கையிலிருந்த மச்சம் செய்த வேலையை இங்கே அந்தப் பழைய திருகுகள் செய்தன.

திண்ணையில் மின்னணு நுண்ணோக்கி இல்லை. ஓர் அளவுகோல், ஒரு காந்தம், ஒரு கைவிளக்கு, ஒரு குறிப்பேடு ஆகியவை இருந்தன. பள்ளியின் ஆய்வுக்கூடத்திலிருந்து ஆசிரியர் இசைவுடன் கொண்டுவந்த பொருளருகு லென்சு ஒன்றும் இருந்தது. பேத்தி அடியிலிருந்து தொடங்கினாள்.

அடிப்பாகம் குதிரை இலாட வடிவினது, கரிய எனாமல் பூசியது, காந்தம் ஒட்டியது. ஆகவே வார்ப்பிரும்பு. ஆங்கிலேயக் கைவினைஞர் நெடுங்காலம் மூன்று காலுடைய பித்தளைத் தாங்கியையே விரும்பினர். இலாட அடி ஐரோப்பாக் கண்டத்தில், குறிப்பாகச் செருமானியப் பட்டறைகளில் பெருவழக்கானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எங்கும் பரவியது. இதனால் கருவி செருமானியம் என்று முடிவுகட்ட இயலாது. நன்றாக விற்பனையாவதை அனைவரும் பின்பற்றினர். இங்கிலாந்தாரும் அவ்வமைப்பில் செய்தனர்.

அடுத்து மேற்பூச்சு. குழாய் அரக்கிட்ட பித்தளை. தாங்கி கரிய எனாமல். சிறு பாகங்கள் சில நிக்கல் முலாம் பெற்றவை. குரோமிய முலாம் எங்கும் இல்லை. முழுதும் பித்தளையாக இருந்தால் பெரும்பாலும் 1900க்கு முற்பட்டது. குரோமியம் மிகுந்திருந்தால் 1930க்குப் பிற்பட்டது. இரண்டுக்கும் இடைப்பட்ட கோலம் இது. பொதுவிதிதான், ஆயினும் தொடங்குவதற்கு ஓர் இடம் வேண்டுமல்லவா?

பின்னர்த் திருகு. 1858ஆம் ஆண்டில் இலண்டன் நுண்ணோக்கியியல் கழகம் ஒரு நல்ல செயலைச் செய்தது. அதுவரை ஒவ்வொரு பட்டறையும் தனக்கென ஒரு திருகளவை வைத்திருந்தது. ஒருவர் செய்த லென்சு மற்றொருவர் குழாயில் ஏறாது. கழகம் ஒரே அளவை வகுத்தது: விட்டம் 0.8 அங்குலம், அதாவது 20.32 மில்லிமீட்டர், ஓர் அங்குலத்துக்கு 36 புரிகள். உலகம் மெல்ல மெல்ல அதனை ஏற்றுக்கொண்டது. இன்று அரியானாவின் அம்பாலாவில் செய்யப்பட்டு நம் பள்ளிகளுக்கு வரும் நுண்ணோக்கியிலும் அதே அளவுதான். பள்ளியிலிருந்து வந்த லென்சைப் பேத்தி பழைய கருவியில் வைத்து மெல்லத் திருகினாள். அது தடையின்றி ஏறியது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் எடுத்த முடிவொன்று, விருத்தாசலத்துத் திண்ணையில் ஓசையின்றி நிறைவேறியது.

கண்ணருகு லென்சின் விட்டம் 23 மில்லிமீட்டரைச் சற்றே கடந்தது. குழாயின் நீளம் 160 மில்லிமீட்டரை ஒட்டி இருந்தது. பழைய ஆங்கிலேயக் கருவிகளில் அது 250 மில்லிமீட்டர்வரை நீளும். கீழேயுள்ள ஆடியைப் பிடித்திருந்த திருகுகளுள் மூன்றின் தலையில் ஒற்றைக் கீறல். நான்காவதில் சிலுவைக் கீறல். சிலுவைத் தலைத் திருகு 1930களில் அமெரிக்காவில் பரவத் தொடங்கியது. ஆகவே யாரோ, எப்போதோ, கையில் கிடைத்த திருகால் இதனைச் செப்பனிட்டிருக்கின்றனர். பெரியவரைக் கேட்டபோது சிரித்தார். “அது நான் போட்டது. ரேடியோவிலிருந்து கழற்றினது” என்றார்.

இவ்வளவும் காலத்தைச் சொல்லின. கருவி எதற்கானது என்பதைச் சொல்லவில்லை. அதைச் சொன்னது மேடை. பள்ளி நுண்ணோக்கியின் மேடை சதுரமானது, அசையாதது. இதன் மேடை வட்டமானது, சுழன்றது. விளிம்பில் 0 முதல் 360 வரை பாகைகள் நுட்பமாகப் பொறிக்கப்பட்டிருந்தன. கண்ணருகு லென்சினுள் சிலந்தி நூல்போல இரு கோடுகள் குறுக்காக ஓடின. பொருளருகு லென்சுக்கு மேலே, குழாயில், சாய்வாக ஒரு துளை இருந்தது. மூவரும் அத்துளையை உடைப்பு என்றே இதுவரை எண்ணியிருந்தனர்.

பேத்திக்கு ஓர் ஐயம் எழுந்தது. அண்டை வீட்டுப் பையனின் மடிக்கணினியை வாங்கி வந்து, வெண்மையான பக்கமொன்றைத் திறந்து, அதன் திரைக்கு நேரே குழாயை நீட்டிப் பார்த்தாள். வெளிச்சம் தெரிந்தது. குழாயை மெல்லத் திருப்பினாள். வெளிச்சம் மங்கியது, மேலும் திருப்பவே முற்றிலும் இருண்டது, கால் சுற்று கடந்ததும் மீண்டும் ஒளிர்ந்தது. கணினித் திரையிலிருந்து வருவது தளவிளைவுற்ற ஒளி. அது குழாயினுள் இருளவேண்டுமானால் அங்கே ஒரு பகுப்பான் இருக்கவேண்டும். வில்லியம் நிகோல் 1828இல் கால்சைட் படிகத்தை வெட்டி ஒட்டி உருவாக்கிய பட்டகம் அது. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் நிகோல் பட்டகம் என்று படிப்பது. மேடைக்குக் கீழே அதன் இணை ஒன்றும் அழுக்கேறி அமர்ந்திருந்தது.

அது செடியின் தண்டையும் வெங்காயத் தோலையும் பார்க்கும் கருவி அன்று. கல்லையும் மண்ணையும் பார்ப்பதற்கென்றே செய்யப்பட்ட தளவிளைவு நுண்ணோக்கி.

பீங்கான் பட்டறைக்கு அது எதற்கு? விருத்தாசலத்தில் இதற்கு விடை சொல்ல ஒரு வேலைக்காரப் பெண்மணியே போதும். அருகிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியின்மேல் களிமண் படலங்கள் கிடக்கின்றன. 1956இல் நிறுவனம் தொடங்கிச் சுரங்கம் தோண்டியபோது நிலக்கரிக்கு முன் வெளிவந்தது மண். அம்மண்ணும் பிற இடத்து வெண்களிமண்ணும் பெல்ஸ்பாரும் குவார்ட்ஸும் சேர்ந்து விருத்தாசலத்தின் தொழிற்பேட்டையில் ஃபியூஸ் கட்டைகளாயின, மின்காப்பான்களாயின, கொலுவில் அமரும் சின்னஞ்சிறு பொம்மைகளாயின. பீங்கான் தொழிலைக் கற்பிக்க அரசு நிறுவனமொன்றும் இவ்வூரில் அமைந்தது. சூளையில் வெந்து வெளிவந்த துண்டு வெளிப்பார்வைக்கு ஒரே வெண்மையாக இருக்கும். உள்ளே அது அப்படி இல்லை. களிமண் ஆயிரம் பாகை செல்சியசுக்கு மேல் வெந்து முல்லைட் என்னும் ஊசிப் படிகங்களாக மாறும். பெல்ஸ்பார் உருகிக் கண்ணாடியாகும். குவார்ட்ஸ் மணிகள் பாதி கரைந்து பாதி எஞ்சும். அத்துண்டைத் தேய்த்து 0.03 மில்லிமீட்டர் கனத்துக்கு, மயிரிழையிலும் மெல்லியதாக ஆக்கினால் ஒளி ஊடுருவும். இரு நிகோல் பட்டகங்களுக்கிடையே அதனை வைத்தால் கண்ணாடிப் பகுதி இருண்டே கிடக்கும்; குவார்ட்ஸ் மணிகள் இருளில் ஒளிரும். ஒரே வெண்மையாகத் தெரிந்த பொருள், தான் எவற்றால் ஆனது என்பதை அப்போது ஒப்புக்கொள்ளும்.

பழம்பொருள் வணிகர் மூன்றாம் நாள் மீண்டும் வந்தார். தளவிளைவு என்னும் சொல்லைக் கேட்டதும் அவர் முகம் சற்று மாறியது. தொகையை உயர்த்தினார். அது கூரைக்கு ஏறத்தாழப் போதும். வெளிநாட்டில் இதற்கு ஆள் இருப்பதாகவும், கூரியரில் அனுப்பிவிடலாம் என்றும், இரசீது முதலிய தொல்லைகள் வேண்டாம் என்றும் சொன்னார்.

இங்கேதான் கருவியின் வயது வெறும் ஆர்வத்துக்குரிய செய்தியாக இல்லாமல் சட்டத்துக்குரியதாகிறது. தொல்பொருள் என்றதும் சிலையும் செப்பேடும் மட்டுமே நினைவுக்கு வரும். ஆனால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள், கலைக்கருவூலங்கள் சட்டம் பழங்கால அறிவியலை விளக்கும் பொருளையும் தொல்பொருள் என்றே கொள்கிறது. நூறாண்டு நிறைந்திருக்க வேண்டும் என்பதே வரையறை. அத்தகையதைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்பக்கூடாது. தொல்பொருள் வணிகம் செய்வதற்கு உரிமம் வேண்டும். பொருள் தொல்பொருள் அன்று எனின், அதற்கும் இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று பெறலாம். பேத்தியின் குறிப்பேடோ, “1900க்கும் 1930க்கும் இடையில்” என்ற அளவில் நின்றுவிட்டது. நூறாண்டு என்னும் கோடு அந்த இடைவெளியின் நடுவிலேயே ஓடியது. பெரியவர் வணிகரிடம், “இரசீது இல்லாமல் நான் ஒரு செங்கல்கூட விற்றதில்லை, தம்பி” என்று மட்டும் சொன்னார்.

வணிகரின் கருத்தில் பெயரே விலை. அது முற்றும் பிழை அன்று. ஏலக்கூடங்களில் நடப்பது அதுதான். ஆயினும் நுண்ணோக்கியில் பொறித்துள்ள பெயர் பல நேரங்களில் செய்தவருடையதாக இராது. விற்ற கடைக்காரருடையதாக இருக்கும். பெரிய பட்டறைகள் பெயர் பொறிக்காமலேயே கருவிகளைக் கடைகளுக்கு அனுப்புவதும், கடைகள் தம் பெயரைப் பொறித்துக்கொள்வதும் அக்கால வணிக வழக்கம். பொறிக்க மறந்தால், அல்லது வாங்கியவர் வேண்டாமென்றால், கருவி பெயரில்லாமலேயே வாழ்நாளைக் கழிக்கும்.

கருவிகளோடு வாழ்ந்தும் பெயர் பொறிக்கப்படாத மனிதரும் உண்டு. 1802இல் சென்னையில் தொடங்கிய பெரும் நில அளவைக்காக வில்லியம் லாம்டன் இங்கிலாந்திலிருந்து வரவழைத்த தியோடலைட் ஏறக்குறைய அரை டன் எடை கொண்டது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் அதனை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் கூடாரத்துக்குள் அடைந்து, கைவினைஞர் துணையுடன் ஆறு வாரங்கள் தட்டித் தட்டி அதன் வட்டத்தை மீண்டும் வட்டமாக்கினார். உடன் தட்டியவர் யாவர் என்பதை எவரும் நினைவிற் கொள்வதில்லை. அவருக்குப்பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்டின் கருவிகளைப் பேணியவர் ஆர்க்காட்டைச் சேர்ந்த சையது மீர் மொஹ்சின் உசேன். சென்னையில் கடிகாரம் பழுதுபார்த்துக்கொண்டிருந்த அவர், கல்கத்தாவுக்குச் சென்று, 1843இல் நில அளவைத் துறையின் கணிதக் கருவியாளராக உயர்ந்தார். சிகரத்துக்கு எவரெஸ்டின் பெயர் கிடைத்தது. ஆர்க்காட்டுக்காரரின் பெயர் நூல்களின் ஓரத்தில் இருக்கிறது. அதுவே பெரிது என்று சொல்லவேண்டிய நிலை.

கருவியின் கேட்டையும் மதிப்புக் குறைவு என்று எளிதில் தள்ளிவிட இயலாது. 1897ஆம் ஆண்டு ஆகத்து 20ஆம் நாள் செகந்தராபாதில் ரொனால்டு ராஸ், கொசுவின் வயிற்றுக்குள் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். அந்நாளில் அவரது நுண்ணோக்கியின் திருகுகள் நெற்றி வியர்வையும் கை வியர்வையும் பட்டுத் துருவேறியிருந்தன. எஞ்சியிருந்த ஒரே கண்ணருகு லென்சும் விரிசல் கண்டிருந்தது. ஏலக்காரர் கண்ணுக்கு அது பழுதுபட்ட சரக்கு.

வணிகர் எழுந்தார். பெட்டியின் அடித்தட்டில் கிடந்த இன்னொரு சிறு மரப்பெட்டியைச் சுட்டி, “கண்ணாடிச் சில்லெல்லாம் எனக்கு வேண்டாம். கருவி மட்டும் போதும், நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்” என்றார்.

அவர் வேண்டாமென்ற பெட்டியைப் பேத்தி அன்று மாலைதான் திறந்தாள். வரிசை வரிசையாக நாற்பதுக்கு மேற்பட்ட கண்ணாடித் தகடுகள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் பழுத்த தாள் ஒட்டி, மையால் சிறிய எழுத்தில் குறிப்பு: மண் எங்கிருந்து வந்தது, எத்தனை பாகையில் வெந்தது, சூளையின் எந்த அடுக்கில் இருந்தது. சிலவற்றில் நெய்வேலி என்று இருந்தது. ஒன்றில் தேதியும் வெப்பநிலையும் இல்லை. “வெடித்த சரக்கு” என்ற இரு சொற்களே இருந்தன.

பெரியவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். ஓராண்டு தீபாவளிக்கு முன், அனுப்பவேண்டிய ஃபியூஸ் கட்டைகள் சூளையிலிருந்து எடுக்க எடுக்க விரிசல் விட்டிருந்தன. ஒரு சூளை அன்று, மூன்று சூளைகள். சூடு மிகுதி என்றார் ஒருவர். மண் கெட்டது என்றார் மற்றொருவர். சூளை அடுக்கியவனைத் திட்டினர் பலர். அடுக்கியவருக்கு அவ்வாரக் கூலி நிறுத்தப்பட்டது. ஆய்வுக்கூடத்தில் இருந்த மூத்தவர் வெடித்த கட்டையொன்றை அறுத்து, பெரியவரிடம் கொடுத்துத் தேய்க்கச் சொன்னார். கண்ணாடிப் பலகைமேல் கார்போரண்டம் பொடியிட்டு இரண்டு நாள் தேய்த்தார். மூன்றாம் நாள் நுண்ணோக்கியில் வைத்தபோது குவார்ட்ஸ் மணிகள் இருக்கவேண்டிய அளவைப்போல் மும்மடங்கு பெரிதாக இருந்தன. ஒவ்வொரு மணியையும் சுற்றி வேலிபோல ஒரு விரிசல்.

காரணம் இயற்பியலில் இருக்கிறது. குவார்ட்ஸ் 573 பாகை செல்சியசில் ஒரு படிக நிலையிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்; குளிரும்போது அவ்விடத்தில் திடீரெனச் சுருங்கும். சுற்றியுள்ள கண்ணாடி அதே அளவு சுருங்காது. மணி சிறிதாயின் இழுவை தாங்கும், பெரிதாயின் பிளக்கும். அரைக்கும் உருளை ஆலை குறித்த நேரம் ஓடவில்லை என்பது பின்னர்த் தெரியவந்தது. சில மணி நேரம் கூட்டி அரைத்தனர். விரிசல் நின்றது. சூளை அடுக்கியவருக்கு நிறுத்திய கூலி திரும்பக் கிடைத்தது.

“அவன் என் தம்பிதான்” என்றார் பெரியவர்.

ஐப்பசி மழைக்கு முன் கூரையின்மேல் தார்ப்பாய் இழுத்துக் கட்டப்பட்டது. ஓடு மாற்றும் வேலை தை மாதத்துக்குத் தள்ளிப்போனது. விற்பதா, பீங்கான் பயிற்றும் நிறுவனத்துக்குக் கொடுப்பதா, வைத்துக்கொள்வதா என்பது அவ்வாரம் முடிவாகவில்லை. வீட்டில் இருவேறு கருத்துகள் இருந்தன. கூரையின்கீழ் படுப்பவர்கள் அவர்கள். நிறுவனத்துக்குக் கொடுத்தால் அலமாரிக்குள் பூட்டிவிடுவார்கள் என்று பெரியவர் அஞ்சினார். வீட்டிலேயே இருந்தால் பூஞ்சை பிடிக்கும் என்று பேத்தி அஞ்சினாள். இரண்டும் நடக்கக்கூடியவை. ஆகவே தற்காலிகமாகச் சில ஏற்பாடுகள் நடந்தன. லென்சுகள் துணியால் துடைக்கப்படவில்லை. தூசி ஊதி அகற்றப்பட்டது. ஈரம் உறிஞ்சும் மணிகளிட்ட பொட்டலம் பெட்டிக்குள் சென்றது. ரேடியோத் திருகு கழற்றப்படவில்லை. குழாயில் நூல் கட்டி ஓர் அட்டை தொங்கவிடப்பட்டது. “தளவிளைவு நுண்ணோக்கி. செய்தவர் பெயர் இல்லை. 1900–1930. விருத்தாசலம் பீங்கான் பட்டறையில் பயன்பட்டது. 43 தகடுகளுடன்” என்று பேத்தி அதில் எழுதினாள். 43 என்பதை மட்டும் பெரியவர் இருமுறை எண்ணிச் சரிபார்த்தார்.

பூசை முடிந்த மறுநாள் கருவி பரணேறவில்லை. சன்னலோரத்தில் வைத்து, ஆடியை வெளிச்சத்துக்குத் திருப்பி, “வெடித்த சரக்கு” என்ற தகட்டை மேடையில் வைத்தார் பெரியவர். பேத்தி குனிந்து பார்த்தாள். கரிய வெளியில் சாம்பல் நிறத்திலும் வெண்ணிறத்திலும் மணிகள் ஒளிர்ந்தன. மேடையைச் சுழற்றினாள். நடுவிலிருந்த பெரிய மணி மெல்ல மங்கி இருண்டது, மீண்டும் ஒளிர்ந்தது. ஒரு முழுச் சுற்றுக்குள் நான்கு முறை அவ்வாறு நிகழ்ந்தது. ஆயா தம் முறைக்காக, கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தபடி பின்னால் நின்றார். பெரியவர் பெட்டியிலிருந்து அடுத்த தகட்டை எடுத்தார்.